‘தேர்’ சரியா, ‘ஹிஸ்’ சரியா? ஆங்கில இலக்கணம் பற்றி சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தை எழுத வேண்டிய தேவை என்ன வந்தது?

அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மாடி அறையில் சனி, ஞாயிறு மாலைகளில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். கலவையான கூட்டம். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், வெளிநாடு போகக் காத்திருக்கும் நர்ஸுகள், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தரத் தாங்களே படிக்க வந்துவிட்ட இரண்டு அம்மாக்கள்.

அந்த அம்மாக்களில் ஒருவர் போன மாதம் மகளின் நோட்டைக் கொண்டுவந்தார். பள்ளியிலிருந்து ஏற்காடு டூர் போகிறார்கள். அதைப் பற்றி ஏழாம் வகுப்புப் பெண் எழுதியிருந்தாள்: ‘எவ்ரி ஸ்டூடன்ட் ஷுட் பிரிங் தேர் லஞ்ச் பாக்ஸ்.’ வீட்டில் தாத்தா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சிவப்பு மையால் ‘தேர்’ என்பதை அடித்துவிட்டு ‘ஹிஸ்’ என்று எழுதியிருந்தார். “அப்போ பசங்க மட்டும் சோறு கொண்டுவந்தா போதுமா தாத்தா?” என்று பேத்தி கேட்க, வீட்டில் இரண்டு நாள் சண்டையாம். வகுப்பில் அது மூன்று வாரம் ஓடியது. ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு கேள்வி வந்து சேர்ந்தது. அதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இங்கே வருகிற ‘தேர்’ எல்லாம் ‘அவர்களுடைய’ என்று பொருள்படும் ஆங்கிலத் தேர்தான், கோயில் தேர் அல்ல.

சரி, யார் சொன்னது சரி? பேத்தியா, தாத்தாவா?

பேத்தி. ஆனால் தாத்தா தவறாகப் படித்தவர் இல்லை. அவர் படித்த காலத்துப் புத்தகம் அப்படித்தான் சொன்னது.

‘எவ்ரி ஸ்டூடன்ட்’ ஒருமை. ‘தே’, ‘தேர்’ பன்மை. ஆகவே பொருந்தாது என்பது தாத்தாவின் வாதம். கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை ‘தே’ என்று சொல்வது ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஷேக்ஸ்பியரில் இருக்கிறது, ஜேன் ஆஸ்டினில் இருக்கிறது. ‘ஹி’ என்று போட்டால் பெண்ணும் அதில் அடக்கம் என்ற விதியை 18ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள் கொண்டுவந்தார்கள். 1850இல் இங்கிலாந்து நாடாளுமன்றம், சட்டங்களில் ஆண்பால் சொல் வந்தால் பெண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. நம் நாட்டில் 1897இன் பொது விதிகள் சட்டத்திலும் அதே ஏற்பாடு உண்டு. தாத்தாவின் சிவப்பு மைக்குப் பின்னால் இவ்வளவு பெரிய படை நிற்கிறது.

அந்தப் படை இப்போது கலைந்துகொண்டிருக்கிறது. 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அந்த ஆண்டின் சொல்லாக ‘தே’யைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நடை வழிகாட்டி, ஆய்வுக் கட்டுரைகளிலேயே ஒருமை ‘தே’யைப் பயன்படுத்தச் சொன்னது.

இதில் தமிழர்களுக்கு ஏன் குழப்பம் வர வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியாதது. ‘அவர்’ என்பது என்ன? இலக்கணப்படி பலர்பால். ‘அவர் வந்தார்’ என்றால் ஒரு காலத்தில் பல பேர் வந்தார்கள் என்று பொருள். இன்றைக்கு ஒரே ஒரு மாமாவோ ஒரே ஒரு டீச்சரோ வந்தாலும் ‘அவர் வந்தார்’. அந்தச் சொல் ஒருமைக்குப் போய்விட்டதால், பல பேரைச் சொல்ல ‘அவர்கள்’ என்று வால் ஒட்ட வேண்டியதாயிற்று. இதற்கும் மேலே ‘ஆட்சியர் அவர்கள்’ என்று மறுபடியும் ஒருவருக்கே கொடுத்துவிட்டோம்!

தொல்காப்பியர் இதைக் கவனித்திருக்கிறார். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல் என்கிறார். இலக்கண முறைப்படி வந்தது அல்ல என்றும் கூடவே சொல்கிறார். தடுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. ‘ஆட்கள் இப்படிப் பேசுகிறார்கள், விதி வேறு’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். அவருக்குப் பல நூற்றாண்டு பின்னால் ஆங்கிலத்தில் நடக்கும் சண்டைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் ‘தே இஸ்’ என்று எழுதலாமா?

கூடாது. ஒருவராக இருந்தாலும் ‘தே ஆர்’. நாம் ‘அவர் வந்தான்’ என்று சொல்வதில்லையே, அது மாதிரி. ‘யூ’வும் இதே கதைதான். அது முதலில் பன்மை. ஒருவரைச் சொல்ல ‘தௌ’ இருந்தது. நம் நீ, நீங்கள் மாதிரி. மரியாதைக்காக எல்லோரையும் ‘யூ’ என்று சொல்லிச் சொல்லி, 17ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘தௌ’ பொதுப் பேச்சிலிருந்து விலக ஆரம்பித்தது. குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் மட்டும், கடவுளுக்கு முன் எல்லோரும் சமம், ஒருவருக்குப் பன்மை எதற்கு என்று எல்லோரையும் ‘தௌ’ போட்டார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள். மேலதிகாரியை ‘நீ’ என்றால் இங்கேயும் அதுதான் நடக்கும்.

வாக்கியத்தின் கடைசியில் ‘வித்’, ‘டு’, ‘ஃபார்’ வரக் கூடாதாமே?

வரலாம். ‘ஹூ டிட் யூ கோ வித்?’ நல்ல ஆங்கிலம்.

1672இல் கவிஞர் ஜான் டிரைடன், தனக்கு முந்தைய நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் வரிகளில் இதை ஒரு குறையாகச் சொன்னார். 1762இல் ராபர்ட் லோத் என்ற பாதிரியார் எழுதிய இலக்கண நூல், நெடுங்காலம் பள்ளிகளை ஆண்டது. அவர் இதைத் தவறு என்றே சொல்லவில்லை. பேச்சுக்கும் சாதாரண எழுத்துக்கும் பொருந்தும், கம்பீரமான நடைக்கு மாற்றி எழுதுவது அழகு என்றார். நம் மொழி இந்த வழக்கத்தின் பக்கம் பலமாகச் சாய்கிறது என்று சொன்ன அவருடைய வாக்கியமே அந்தச் சாய்வோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. பின்னால் வந்த வாத்தியார்கள் அவருடைய ‘அழகு’ என்ற சொல்லை ‘விதி’ ஆக்கிவிட்டார்கள்.

‘டு’வுக்கும் வினைக்கும் நடுவில் ஒரு சொல்லைச் செருகலாமா?

‘டு கிளியர்லி எக்ஸ்பிளெயின்’ மாதிரி. செருகலாம். 19ஆம் நூற்றாண்டில் கிளம்பிய ஆட்சேபம் இது. 1864இல் ஹென்றி ஆல்ஃபோர்டு என்ற கேன்டர்பரி பாதிரியார் இதைக் கண்டித்து எழுதியது பிரபலம். நம் ‘சொல்ல’, ‘எழுத’ ஒற்றைச் சொற்கள், நடுவில் கத்தி வைக்க இடமில்லை. ஆங்கிலத்தில் இரண்டு சொல். இடைவெளி இருக்கிறது, ஆள் உட்காருகிறான். அவ்வளவுதான்.

‘டுடே இட்செல்ஃப்’, ‘ஹியர் ஒன்லி’ என்று பேசினால் சிரிக்கிறார்கள். ஏன்?

சிரிக்கிறவர்களிடம் ‘இன்றைக்கே’ என்பதற்கு ஒரே சொல்லில் ஆங்கிலம் கேளுங்கள். கொஞ்ச நேரம் யோசிப்பார்கள்.

தமிழில் ஏகாரமும் ‘தான்’ என்பதும் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் பெரும்பாலும் குரல் செய்கிறது. அழுத்த வேண்டிய சொல்லைக் கொஞ்சம் ஓங்கிச் சொல்வார்கள். நாம் குரலை ஓங்காமல் பின்னொட்டைத் தேடுகிறோம். ‘இன்றைக்கே வருகிறேன்’ என்பதில் உள்ள ஏகாரத்துக்கு ‘இட்செல்ஃப்’ கிடைத்தது. ‘சேலத்தில்தான் இருக்கிறேன்’ என்பதில் உள்ள தானுக்கு ‘ஒன்லி’ கிடைத்தது. சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்ல மாட்டேன். இரண்டு மொழி தெரிந்த மூளை செய்கிற வேலை இது.

ஆனால் சிக்கல் உண்டு. ‘ஐ ஆம் இன் சேலம் ஒன்லி’ என்று ஒரு வெள்ளைக்காரருக்கு எழுதினால், ‘சேலத்தில் மட்டும், வேறு எங்கும் இல்லை’ என்று படிப்பார். சேலம் ஜங்ஷனில் நின்றுகொண்டு நண்பரிடம் போனில் சொல்லுங்கள், தப்பே இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகிற மெயிலில் ‘டுடே’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொலுசுப் பட்டறைக்காரருக்கு நான் சொன்னது இதுதான்.

‘கசின் பிரதர்’ தப்புதானே? ‘கசின்’ போதுமே?

ஆங்கிலேயருக்குப் போதும். நமக்கு எப்படிப் போதும்? பெரியப்பா மகன் அண்ணன். அத்தை மகன் கட்டிக்கொள்கிற முறை. இரண்டு பேரையும் ‘கசின்’ என்று ஒரே சொல்லில் அடைத்தால் நம் ஊர்க் கல்யாண வீட்டில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ‘பிரதர்’ என்ற வாலை ஒட்டி ‘இவர் அண்ணன் முறை’ என்று சொல்லிவிடுகிறோம். சகலையை ‘கோ-பிரதர்’ என்பதும் இப்படித்தான். அந்த உறவுக்கென்று ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லை, நாமே ஒன்று செய்துகொண்டோம். இவை ஆங்கிலத்தில் இருந்த ஓட்டையை அடைத்த சொற்கள். நான் அடிக்க மாட்டேன்.

‘ப்ரீபோன்’ ஆங்கிலமே இல்லை என்று ஆபீஸில் ஒருவர் சொன்னாரே?

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது. ‘போஸ்ட்போன்’ என்பது லத்தீனில் பின்னால் வைப்பது. அதே முறையில் முன்னால் வைப்பது ‘ப்ரீபோன்’. ஒழுங்காகச் செய்யப்பட்ட சொல். இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது என்பது மட்டும்தான் குறை. வெளியே எழுதும்போது ‘பிரிங் ஃபார்வர்ட்’ அல்லது ‘மூவ் அப்’.

‘ஐ ஹேவ் எ டவுட்’?

இதில் மட்டும் கவனமாக இருங்கள். நாம் வகுப்பில் கையைத் தூக்கி ‘டவுட் சார்’ என்கிறோம்; சந்தேகம் என்றால் நமக்குக் கேள்வி. பிரிட்டிஷ் காதில் ‘டவுட்’ என்றால் நம்பிக்கையின்மை. என்னிடம் படித்துவிட்டு வெளிநாடு போன ஒரு நர்ஸ், முதல் வாரம் டாக்டர் மருந்தின் அளவைச் சொன்னதும் பணிவாக ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றிருக்கிறார். எந்த வேளைக்கு என்று கேட்க நினைத்தார், பாவம். டாக்டரின் முகம் மாறிவிட்டதாம். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்றால் முடிந்தது.

‘ரிவர்ட்’ என்பதும் இந்த ரகம். பதில் போடுங்கள் என்ற பொருளில் நாம் எழுதுகிறோம். இங்கிலாந்தில் அதற்குப் பொதுவாக வழங்கும் பொருள் பழைய நிலைக்குத் திரும்புவது.

‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ என்பது தவறா, மாற்றமா?

இன்றைக்குத் தவறு. ‘ஐ ஹேவ்’ போதும். ‘எனக்கு இரண்டு தங்கச்சி இருக்காங்க’ என்பதில் உள்ள ‘இருக்கிற’ உணர்வை ‘இங்’ போட்டு இழுக்கிறோம். அறிவது, விரும்புவது, வைத்திருப்பது போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகளுக்கு ஆங்கிலம் பொதுவாக ‘இங்’ போடாது. ஆனால் வேலி கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது: 2003இலிருந்து ஒரு பர்கர் கம்பெனி ‘ஐ ஆம் லவ்விங் இட்’ என்று உலகம் முழுக்க விளம்பரம் செய்கிறது. அவர்களுக்குச் சம்பளம் விற்பனையிலிருந்து வருகிறது. உங்களுக்கு மதிப்பெண் விடைத்தாளிலிருந்து வருகிறது.

எல்லாமே மாற்றம் என்றால், தவறு என்று ஒன்று இல்லையா?

இருக்கிறது, நிறையவே. ‘டிட் யூ வென்ட்’ தவறு. ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ தவறு, ‘ஃப்ரெண்ட்ஸ்’ வேண்டும். ‘டிஸ்கஸ் அபௌட்’ என்பதில் ‘அபௌட்’ வேண்டாம். ‘பற்றி’ என்பது ‘டிஸ்கஸ்’ உள்ளேயே இருக்கிறது.

இதைப் பிரித்துப் பார்க்க நான் தமிழ்ப் பாடத்திலிருந்துதான் கருவி எடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? முறைப்படி இருந்தால் வழாநிலை. பிறழ்ந்தால் வழு. பிறழ்ந்தாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொண்டால் வழுவமைதி. பசுமாட்டைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை தப்பியது, அன்பினால் ஏற்கிறோம். மகளை ‘வாடா கண்ணா’ என்பது பால் தப்பியது; அதுவும் அன்பு. ‘குடியரசுத் தலைவர் நாளை வருகிறார்’ என்பது காலம் தப்பியது; வருவது உறுதி என்பதால் ஏற்கிறோம். ஆங்கிலத்திலும் ‘தி பிரெசிடென்ட் அரைவ்ஸ் டுமாரோ’ என்று அதே பிறழ்ச்சி, அதே காரணத்துக்காக இருக்கிறது!

ஆங்கிலப் பள்ளி இலக்கணத்தில் சரி, தவறு என்று இரண்டு டப்பாதான். மூன்றாவது டப்பாவுக்கு நமக்குப் பெயரே இருக்கிறது. ஒருமை ‘தே’யை அதில் போடுங்கள், ‘கசின் பிரதர்’ஐப் போடுங்கள். ‘டிட் யூ வென்ட்’ அதில் ஏறாது. ஏற்றுக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

இதையெல்லாம் முடிவு செய்வது யார்? ஆங்கிலத்துக்கு ஒரு சங்கம் கிடையாதா?

கிடையாது. பிரெஞ்சுக்கு 1635இலிருந்து ஓர் அகாடமி இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் ஒன்று வேண்டும் என்று 1712இல் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை. 1755இல் சாமுவேல் ஜான்சன் அகராதி போட்டபோது, மொழியைப் பாடம்பண்ணி அப்படியே வைத்துவிட முடியாது என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். அகராதிக்காரர்கள் கணக்குப்பிள்ளைகள், ஊர் செலவழித்ததை எழுதி வைக்கிறார்கள்.

ரென் அண்ட் மார்ட்டின் படித்தால் போதுமா?

அடித்தளத்துக்கு இன்றும் நல்லது. 1930களில் இந்தியாவில் எழுதப்பட்ட புத்தகம் என்பதை மறக்காமல் படியுங்கள். ‘ஐ ஷால், யூ வில்’ என்ற பாகுபாட்டை மனப்பாடம் செய்து மண்டை காய வேண்டாம். அதை 1653இல் ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர் தன் ஆங்கில இலக்கண நூலில் விதியாக எழுதினார். அந்த நூலை எழுதியது லத்தீனில்! இன்றைய பேச்சில் ‘வில்’ போதும். ஒப்பந்தப் பத்திரத்தில் ‘ஷால்’ என்றால் ‘செய்தே ஆக வேண்டும்’. அதை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

‘கலர்’ என்பதில் யூ போட வேண்டுமா?

பிரிட்டனில் போடுவார்கள், அமெரிக்காவில் போட மாட்டார்கள்; 1828இல் வந்த வெப்ஸ்டர் அகராதிக்கு அதில் பெரிய பங்கு. எதையாவது ஒன்றைப் பிடித்துக் கடைசி வரை போங்கள். தமிழில் எழுதினால் இந்தச் சண்டையே இல்லை.

ஏற்காட்டு மலையை ‘தி ஷெவராய்ஸ்’ என்று எழுதுகிறார்களே, அந்தக் கடைசி ‘ஸ்’ எங்கிருந்து வந்தது?

எனக்குப் பிடித்த கேள்வி. ஆங்கிலத்தில் மலைத்தொடர் என்றால் பன்மை: தி ஆல்ப்ஸ், தி நீல்கிரீஸ். அந்தப் பழக்கத்தில் நம் சேர்வராயனையும் பன்மையாக்கிவிட்டார்கள். மலை உச்சியில் குகைக்கோயிலில் இருக்கிற ஒரே சாமி, ஆங்கில வரைபடத்தில் பல பேர். இதைத் தவறு என்று யாரும் சிவப்பு மை எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. மிளகுத்தண்ணியை ‘மல்லிகடானி’ ஆக்கியபோதும் எடுக்கவில்லை. பதிலுக்கு நாம் அவர்களுடைய ‘ஹேர்பின் பெண்ட்’ஐ அப்படியே பெயர்த்துக் கொண்டை ஊசி வளைவு என்று வைத்துக்கொண்டோம். ஏற்காடு ரோட்டில் அப்படி இருபது இருக்கிறது. இருபதையும் தாண்டுகிற யாருக்கும் அது மொழிபெயர்ப்பு என்ற நினைவே வருவதில்லை. வாந்தி வராமல் இருந்தால் போதும்.

போட்டித் தேர்வு எழுதுகிறேன். நான் என்ன செய்வது?

வாதம் செய்யாதீர்கள். அந்தத் தேர்வின் பழைய வினாத்தாள் எதைச் சரி என்கிறதோ அதுவே அன்றைக்குச் சரி. ‘லெஸ்’, ‘ஃபியூவர்’ வந்தால், எண்ணக்கூடியதற்கு ‘ஃபியூவர்’ என்று குறித்துவிட்டு வாருங்கள். 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தன் விருப்பமாகச் சொன்னதுதான் பின்னால் விதியாயிற்று என்ற கதையைத் தேர்வு முடிந்து தட்டுவடை செட் சாப்பிடும்போது பேசிக்கொள்ளலாம்.

எங்கள் மேனேஜர் தப்புத் தப்பா இங்கிலீஷ் எழுதுறார். திருத்தலாமா?

வெளியே போகிற கடிதம் என்றால், தனியாக, ‘சார், இதை ஒரு தடவை பார்த்துடுங்க’ என்று சொல்லிக் காட்டலாம். குரூப்பில் எல்லோர் முன்னும் திருத்தினால் உங்கள் ஆங்கிலம் நன்றாக இருக்கும், உங்கள் லீவு நன்றாக இருக்காது.

கடைசியில் அந்த நோட்டு என்ன ஆயிற்று?

பள்ளியில் டீச்சர் இரண்டையும் அடித்துவிட்டு ‘ஆல் ஸ்டூடன்ட்ஸ் ஷுட் பிரிங் தேர் லஞ்ச் பாக்ஸஸ்’ என்று எழுதி அனுப்பினாராம். சண்டை அதோடு தீர்ந்துபோனது.

இந்தப் பக்கத்தை முதலில் தாத்தாவுக்குத்தான் அனுப்பினேன். ‘தே’ பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என் தமிழில் இரண்டு பிழைகளைக் குறித்து அனுப்பியிருந்தார். ஒன்று, ‘வங்கித் தேர்வு’ என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்தது, போட்டுவிட்டேன். இன்னொன்று, மேலே மேனேஜர் கேள்வியில் ‘எழுதுறார்’ என்று இருப்பது. ‘எழுதுகிறார்’ என்று வர வேண்டுமாம். கேட்டவர் அப்படித்தான் கேட்டார் ஐயா, அதை விட்டுவிட்டேன்.